கேள்வி ஞானத்தில் ஒரு பேத்தி

பாளையங்கோட்டை,
1912-ம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி.

கர்த்தருக்குள் பிரியமான மகள் சாலோமிக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இருமல் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அங்கே கண்டியில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை எஸ்தரும் சுகமாயிருக்க இருவேளையும் ஜெபிக்கிறோம்.

போன ஞாயிறு ஸ்தோத்திரப் பண்டிகையில் நான் பட்ட வெட்கத்தைக் கேள். அவரவர் கண்ட நன்மையை எழுந்து சாட்சியாய்ச் சொல்லுகிற முறைதான் உனக்குத் தெரியுமே, நானும் காணிக்கைச் சேவலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என் பேத்திக்குச் சுருட்டை முடி, கீழே இரண்டு பல், கோழியைக் கண்டால் கைதட்டிச் சிரிப்பாள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சபையே உருகிப்போயிற்று. உபதேசியார் நேசையா, கொழும்புக் கப்பல்ல எப்பம்மா போய்ட்டு வந்தீய, சொல்லவே இல்லையே என்று கேட்டாரே பார்க்கணும்! போகவில்லை ஐயா, மகள் கடுதாசியில் எழுதினது என்றேன். பெண்கள் சிரித்த சிரிப்பில் சேவல் கையைவிட்டுப் பறந்து பீடத்தண்டை ஓடிற்று. வழியெல்லாம் உன் அப்பா, ஏட்டி, அது கேள்வி ஞானம்லா, கேட்டதைக் கேட்டேன்னு சொல்லணும், கண்ட மாதிரி சொல்லப்படாது என்று வாத்தியார் புத்தியைக் காட்டினார்.

அந்த வார்த்தையை அவர் முதலில் சொன்னது உன்னைத்தான். ஆறு வயதில் காய்ச்சலாய்க் கிடந்து நீ கோயில் அசன விருந்துக்கு வரவில்லை. ஆட்டுக்கறிக் குழம்பையும், ஆற்றுக் காற்றில் பந்தி இலைகள் பறந்ததையும் நான் சொல்லச் சொல்ல, வெறுங்கஞ்சியைக் குடித்துவிட்டு விரலை நக்கினாய். பிறகு பள்ளிக்கூடத்தில், நானும் அசனம் சாப்பிட்டேன் என்று சொன்னாயாம். கேள்வி ஞானத்திலேயே வயிறு நிரம்பின பிள்ளை என்று அப்பா சிரிக்க, அம்மா சொன்னது எனக்கு ருசிச்சுதுல்லா என்று நீ அழுதாய். அந்த நாளெல்லாம் எங்கே போயிற்று, என் கண்ணே. உன் கடிதங்களைப் படித்துப் படித்து மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. எனக்கும் ருசிக்கத்தான் செய்கிறது, ஆனால் மடி காலியாய் இருக்கிறது சாலோமி.

தூத்துக்குடிக்குப் போனாலும் அலைக்கு எட்டி நிற்கிறவள் நான். ஆனாலும் துணிந்துவிட்டேன். ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை நானும் அப்பாவும் கப்பல் ஏறுகிறோம், கொழும்புத் துறைமுகத்துக்கு மாப்பிள்ளையை வரச் சொல். பனியில் குழந்தையின் காதை மூடிவை, உரைமருந்தை மறந்துவிடாதே.

கர்த்தர் உங்கள் மூவரையும் தம்முடைய செட்டைகளின் கீழ் காப்பாராக. ஒன்றே ஒன்று சொல்லுகிறேன், இனிமேல் எஸ்தரைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே. மூன்றாம் பல் முளைத்தாலும் சரி, எழுந்து நடந்தாலும் சரி, எழுதாதே. நானே வந்து பார்த்துக்கொள்ளுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெபகனி