சுந்தரியின் பாதங்களில் பினாயில்

கார்த்திகை 9, புதன்

இன்று எங்கள் பூனை சுந்தரி சாகக் கிடந்தது. காரணம் நான்தான்.

ஏலக்காய் தரம் பிரிக்கும் ஸ்டோரில் வேலை முடிந்து வந்ததும், தண்ணீர் கலக்காமலே பினாயிலை ஊற்றித் தரையைத் துடைத்தேன். அந்த ஈரத்தில் நடந்த சுந்தரி, பாதங்களை நக்கியிருக்கிறது. சற்று நேரத்தில் வாயில் நுரை தள்ளியது; கால்கள் நடுங்கின.

போடிமெட்டுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர், ஜீப்பைத் திருப்பி எங்களைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்.

"என்னத்தம்மா தின்னுச்சு?" என்று மருத்துவர் கேட்டார்.

போன மாதமே, "பூனை இருக்குற வீடு, அதை ஊத்தாத" என்று எச்சரித்த வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிறார்.

"தெரியல சார், பல்லியக் கடிச்சிருக்கும்" என்றேன்.

மருத்துவர் ஊசியை எடுத்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "பினாயிலு சார். நான்தான் ஊத்துனேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?" என்று கத்திவிட்டு, வெரசாகச் சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, நான்கு பாதங்களையும் கழுவினார். மருந்து கொடுத்தார். "இந்த ராத்திரி தாண்டட்டும், பாப்போம்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் வீட்டுக்காரர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சுந்தரி கூடையில் கிடக்கிறது. மூச்சு இருக்கிறது. பொய் சொல்லிவிட்டு நான் ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். அந்த ஐந்து நிமிடமும் அது என் கையில் கிடந்தபடி தன் பாதங்களை நக்கிக்கொண்டே இருந்தது.