பெற்றோர் கையொப்பம்

பல்லடம்,
12-2-1996

மதிப்புக்குரிய ஜெரால்டு அவர்களுக்கு,

திருமலைசாமி எழுதுவது. நீங்கள் மாற்றலாகி உதகைக்குப் போன எட்டு மாதத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்களும் எழுதவில்லை. உங்கள் வீட்டில் கிளாடிஸ் டீச்சர் நலம் என்று நம்புகிறேன். என் நலத்துக்குக் குறைவில்லை. தலைமையாசிரியர் பதவி இந்த முறையும் என்னைவிட ஆறு வயது இளையவருக்குப் போயிற்று. அதைச் சொல்ல எழுதவில்லை.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் வெள்ளிக்கிழமைதோறும் துண்டுச்சீட்டு கொடுத்து, மனத்தில் இருக்கும் கவலையைப் பெயர் போடாமல் எழுதச் சொல்வீர்கள். படித்துவிட்டு வீட்டு அடுப்பில் போட்டுவிடுவீர்கள். தமிழ் வகுப்பில் இதென்ன விளையாட்டு என்று ஆசிரியர் அறையில் நான் சிரித்தது உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் போனபின் உங்கள் ஒன்பதாம் வகுப்பு என்னிடம் வந்தது; பிள்ளைகள், "ஜெரால்டு சார் சீட்டு இனிமே இல்லீங்களா சார்?" என்று என்னிடமே கேட்டார்கள். எனக்கு எரிச்சல். செய்வதானால் முறையாகச் செய்வோம் என்று கட்டுரை ஏட்டிலேயே எழுத வைத்தேன். பெயர், மதிப்பெண், பெற்றோர் கையொப்பம், எல்லாம் உண்டு.

விசைத்தறி நஞ்சுண்டன் மகள் லோகப்பிரியாவை உங்களுக்கு நினைவிருக்கும். அவள் எழுதியிருந்தாள்: "என்னை அன்னூர் மாமாவுக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள். அவருக்கு முப்பத்தொரு வயது. அவர் பைக் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு வலிக்கிறது. நான் பத்தாம் வகுப்பு எழுதவேண்டும்."

நாற்பது ஏடுகளை ஒரே மூச்சில் திருத்திக்கொண்டிருந்தேன். அவளுடையதில் சிவப்பு மையில் 'கற்பனை நன்று' என்று எழுதி, பத்துக்கு எட்டு போட்டேன். வகுப்பிலேயே அதுதான் அதிகம். அப்பாவிடம் கையொப்பம் வாங்கி வரச் சொன்னேன். அவள் ஏட்டை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் என் மேசையருகிலேயே நின்றாள். போய் உட்கார் என்றேன்.

போன திங்கட்கிழமை ஏடு வந்தது, கையொப்பத்தோடு. கொண்டுவந்தது அவள் தோழி இஸ்மத். லோகப்பிரியா அன்றிலிருந்து வரவில்லை.

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்து உபசரித்தார்கள். "புள்ளைய அவ மாமன் ஊட்டுல உட்டுட்டு வந்துட்டனுங்க சார். அவ எழுதுனதையா கேக்கறீங்க? நீங்களே கற்பனைன்னு எழுதிப்போட்டீங்களே, அப்பறம் என்னுங்க?" என்று நஞ்சுண்டன் சிரித்தார். அவர் மனைவி ராமாமணி கதவருகில் நின்றிருந்தார். நான் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்து, "கிளாடிஸ் டீச்சர் இப்ப எங்கீங்க இருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, 22ஆம் தேதி, அன்னூரில் கல்யாணம். அவளுக்குப் பதினான்கு வயது.

கோட்டாட்சியருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஆதாரம் என்று இருப்பது அந்த ஏட்டின் பக்கம்தான். அதில் என் சிவப்பு மை இருக்கிறது. இன்னொரு ஆசிரியரும் சேர்ந்து கையொப்பம் போட்டால் எடுபடும். இங்கே கேட்டுப் பார்த்தேன். "அவங்க குடும்ப சமாச்சாரம், நமக்கெதுக்குங்க" என்று ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள். நேற்று வரை நானும் அவர்களில் ஒருவன்தான், குறை சொல்ல யோக்கியதை இல்லை. மோட்டார் பைக் சத்தம் கேட்டால் நானும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

சனிக்கிழமைக்குள் டீச்சரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். டீச்சர் வந்தால் ராமாமணி பேசுவார். தாய் பேசினால் கல்யாணம் நிற்கும்.

உங்கள் சீட்டுகளைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதி, இந்த மாற்றல் வரக் காரணமானவர் யார் என்று நீங்கள் என்னிடம் கேட்டதே இல்லை. இத்துடன் ஒரு துண்டுச்சீட்டு வைத்திருக்கிறேன். உங்கள் வழக்கப்படி பெயர் போடவில்லை. கையெழுத்து உங்களுக்குத் தெரியும். படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள், அல்லது வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் இஷ்டம். என்மீது என்ன கோபம் இருந்தாலும், அந்தப் பிள்ளைக்காக வாருங்கள்.

சனிக்கிழமை முதல் பேருந்திலிருந்தே நிலையத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
திருமலைசாமி