நீ வீட்டில் இல்லை என்று எழுதிக் கொடுத்தது

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் வாய் எல்லோரையும்விடச் சுகம். உனக்குச் சளி விட்டதா, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே, இருக்கிற நாலு முடியும் கொட்டி என்னைப் போல் ஆகிவிடுவாய்.

நீ எந்த வீட்டில் இருக்கிறாய் என்று அரசாங்கத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது, காரணம் உன் அம்மா. பிள்ளைகளோடு நம் வீட்டில் இருக்கிற அக்காவுக்குத் தையல் கம்பெனியில் பாதி நாள்தான் வேலை, அதனால் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற உதவிப்பணத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். விசாரிக்க ஓர் அதிகாரி அம்மாள் வீட்டுக்கே வந்தார். ஒரே கூரையில் சாப்பிட்டுத் தூங்குகிற எல்லோருடைய சம்பளத்தையும் கூட்டுவார்களாம், ஓர் அளவைத் தாண்டினால் கிடையாதாம். என் பெயிண்டர் கூலியைச் சேர்த்தாலும் தாண்டாது, அந்த விஷயத்தில் நான் நல்ல தகப்பன். வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்டதும் உன் அம்மா விரலை மடக்கினாள் பார், முதல் விரலே நீ. பிரஷ் கழுவிக்கொண்டே நான் கண்ணைக் காட்டுகிறேன், எங்கே பார்க்கிறாள். உன் கட்டிலைக் காட்டி, அலமாரியில் உன் சட்டைகளைக் காட்டி, என் பிள்ளை கப்பல் பட்டறையில மேஸ்திரி, கை நிறையச் சம்பளம் என்று வேறு அளந்தாள். நீ மேஸ்திரி ஆனது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அடுத்த வாரம் தகுதி இல்லை என்று தாள் வந்துவிட்டது. அக்கா சண்டை போடவில்லை, தன் பெரிய பையனின் கட்டைவிரல் எட்டிப் பார்க்கிற ஷூவைத் தைத்துக்கொண்டே, தம்பியைக் கொஞ்சம் வெளிய அனுப்பும்மா என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் மூன்று பேரும் ஆபீசுக்குப் போனோம். மகன் தனியாக வசிக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார் அதே அதிகாரி. உன் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், பெத்த பிள்ளை வீட்ல இல்லைன்னு எந்தக் கையால எழுதுறது என்று. சோத்துக் கையாலதான், மத்தது கோணலாப் போகும் என்றேன், முறைத்தாள். உறவை யாரும் கேக்கலம்மா, ராத்திரி எங்க தூங்குறார்னுதான் கேக்குறோம் என்றார் அவர். தூங்குறானோ என்னமோ, அவனுக்கு ராத்திரி ஷிப்ட்டு என்றாள் உன் அம்மா. வரிசையே சிரித்துவிட்டது. அப்புறம் குரலை இறக்கி, லீவுக்கு அவன் வந்தா பணத்தை நிறுத்திடுவீங்களா என்று கேட்டாள். விருந்தாளியா வந்துட்டுப் போனா கணக்குல வராதும்மா என்று அவர் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். வீடு வந்ததும் முதல் வேலையாக உன் கட்டிலைத் தட்டிப் போட்டாள், விருந்தாளிக்காம்.

இனி உன் பாடு. நீ தனியாக இருப்பதற்கு ஆபீசில் சாட்சி கேட்கிறார்கள், உன் அறை வாடகை ரசீது ஒன்றை, பேர் தெளிவாகத் தெரிகிற மாதிரி, இந்த மாதம் முடிவதற்குள் அனுப்பு. பிந்தினால் அக்கா மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும், பிள்ளைகளின் கால் அதுவரை வளராமல் இருக்காது. நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு, ரசீதை மறக்காதே. லீவு கிடைத்ததும் விருந்தாளியாக வா, காலையில் எழுப்பமாட்டோம், தண்ணீர் பிடிக்கச் சொல்லமாட்டோம். வந்த விருந்தாளியை உன் அம்மா லேசில் திருப்பி அனுப்பமாட்டாள், அதை மட்டும் அந்த அதிகாரியிடம் நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா