முதல் பக்கத்தில் இறந்தவர்

கண்ணா,

நீ கேட்ட மூன்று நாவல்களையும் நானே முதலில் படித்துவிட்டேன். பென்சில் கோடு இருந்தால் சிறைக்குள் விடமாட்டார்களாம். கோடு போடாமல் படிப்பது எனக்குக் கை ஒடிந்த மாதிரி இருந்தது.

காதல் கதையில் கதாநாயகி எட்டு வருடம் காத்திருக்கிறாள். உன் மனைவிக்கு அதைக் காட்டவில்லை. பேய்க் கதை பயமுறுத்தவே இல்லை. செத்தவர் திரும்பி வந்தால் நல்லதுதானே என்று தோன்றியது.

துப்பறியும் கதைதான் மனசைப் போட்டுப் பிசைந்தது. முதல் பக்கத்திலேயே ஒருவர் செத்துவிடுகிறார். அப்புறம் இருநூறு பக்கமும் கொன்றவனைப் பற்றியே பேச்சு. நாமும் வக்கீல், ஜாமீன், அப்பீல் என்று அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தோம்.

நேற்று கடைத்தெருவில் பால்காரரின் மனைவியைப் பார்த்தேன். நீ குடித்துவிட்டு ஓட்டிய வண்டி மோதிச் செத்தாரே, அவருடைய மனைவி. ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவளே வந்து பேசினாள்.

"டீச்சர், உங்க பையன் அங்க ஒழுங்கா சாப்பிடுறாரா?"

"சாப்பிடுறான்மா."

"எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஏதாவது எழுதுறாரா?"

எழுதுகிறான் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லாதே என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்ன வாய்.

வீட்டுக்கு வந்து உன் பதினோரு கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு வரியில்கூட அவர் இல்லை. அடுத்த கடிதம் வந்ததும் அவளுக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா