பதினொன்றாவது குதிரை

அன்புள்ள தம்பிக்கு,

வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கோபித்துக்கொள்ளாதே. ஸ்கேலை நகர்த்தி நகர்த்தித்தான் எழுதுகிறேன்.

நேற்று நாணயச் சங்கத்தின் கண்காட்சிக்குத் தனியாகவே பஸ் ஏறிப் போனேன். உள்ளே நுழைந்ததுமே செயலாளர், "வாங்கம்மா, ஓரமா உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "டீ அப்புறம். முதல்ல உங்க குதிரைக் காசுங்களைக் கையில குடுங்க" என்றேன்.

பன்னிரண்டு நாட்டுக் காசுகளை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். முப்பது வருஷம் துணி தைத்த விரல் அல்லவா? தடவியதுமே சொல்லிவிட்டேன்: இது முன்னங்காலைத் தூக்கிய குதிரை, இது குட்டியோடு நிற்பது, இதற்கு வாலில் முடிச்சு. 

பதினொன்றாவதை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

"இது குதிரை இல்ல சார், கழுதை. காதைத் தொட்டுப் பாருங்க."

ஆறு வருஷமாகக் குதிரை என்று சீட்டு எழுதி வைத்திருந்தாராம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த மனிதர் அசடு வழிந்தது குரலிலேயே தெரிந்தது. அடேயப்பா, என்ன கைதட்டல்! டீயும் வந்தது, அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

போன வருஷம் எனக்குப் பார்வை போனதும், என் குதிரைக் காசு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போகும்போது, "இனிமே உனக்கு இது எதுக்குக்கா?" என்று கேட்டாய். இப்போது பதில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தோடு வா. மொத்தம் நாற்பத்திரண்டு குதிரைகள். வரிசை கலைந்திருந்தால் பரவாயில்லை. ஒன்றை மாற்றி வைத்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
குதிரை எது, கழுதை எது என்று தெரிந்த
உன் அக்கா