அழக் கூடாத பிள்ளை

என் கோபக்கார அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்று உனக்குப் படையல் போட்டோம். வடை கொஞ்சம் கல்லாகிவிட்டது. நீ இருந்திருந்தால் என்னை ஒரு வழி பண்ணியிருப்பாய். ஆனால் உன்னிடம் சொல்ல வந்த சேதி அது இல்லை. உனக்குக் கொடுத்த வாக்கை நேற்று நான் மீறிவிட்டேன். வேறு யாராவது வந்து போட்டுக்கொடுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் மகள் தனுவுக்கு என்ன நோய் என்று தெரிந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மூளைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வருகின்றன, அதனால்தான் வலிப்பு, அதனால்தான் இடது கை திடீரென்று துவண்டுபோகிறது என்றார் டாக்டரம்மா. மோயாமோயா என்று பெயரும் சொன்னார். "இன்னா டாக்டர், பேரு பாட்டு மாரி கீது?" என்று கேட்டாய். கேட்ட வாயோடு உடைந்து அழுதாய்.

உண்மையில் அழக் கூடாதவள் தனு. தேம்பித் தேம்பி அழுதால், மூச்சை வேகவேகமாக இழுத்து விட்டால், அவள் மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும், வலிப்பு வரும் என்றார்கள். அழுகை மட்டுமா? பலூன் ஊதக் கூடாது, விசில் ஊதக் கூடாது, சூடான இட்லியைக்கூட ஊதித் தின்னக் கூடாது. எட்டு வயசுப் பிள்ளைக்கு! நீ தட்டை டேபிள் ஃபேன் முன்னால் பிடித்து ஆறவைத்துக் கொடுப்பாய். பிறந்தநாள் மெழுகுவத்தியை நீயே விரலால் நசுக்கி அணைத்தாய். "ஊதாதடி" என்பதுதான் பட்டாபிராம் வீட்டில் நாங்கள் அதிகம் கேட்ட வார்த்தை.

முதல் ஆபரேஷனுக்கு நீ இருந்தாய். தலைத்தோலில் ஓடுகிற ரத்தக்குழாய் ஒன்றை மூளையின் மேல் படியவைத்துத் தைத்தார்கள். அதிலிருந்து புதுக்குழாய்கள் கிளைவிட மாதக்கணக்கில் ஆகும், பொறுமையாக இருக்கணும் என்றார்கள். "ஜன்னல்ல பாட்டில்ல கீதே மணி பிளான்ட், அது வேர் வுடுதுல்ல, அத்த மாரி" என்று நீ தனுவுக்கு விளக்கினாய். அன்றிலிருந்து அவள் தினமும் எழுந்ததும் அந்தப் பாட்டிலைத்தான் பார்க்கிறாள். மூளையின் மறுபக்க ஆபரேஷனுக்கும் தேதி கேட்டுக்கொண்டு இருந்தபோதுதான் உனக்கு அந்த டெங்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு இதுதான். "வனி, எனக்கு இன்னா ஆனாலும் அவள அழ வுட்றாதடி."

"சும்மா கெட. ஊட்டுக்கு வந்து நீயே பாத்துக்கோ" என்றேன். நீ என் கையை விடவே இல்லை. வேறு வழியில்லாமல் சரி என்றேன்.

அந்த ஒரு "சரி"யைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? உன் சாவுக்கு வந்தவர்களில் ஒருத்தியையும் ஒப்பாரி வைக்க விடவில்லை. பெரியம்மாவையே வாசலில் மறித்து, "அழுவணும்னா தெருமுனைல அழுதுட்டு வா" என்றேன். இன்றுவரை என்னோடு அவள் பேசுவதில்லை. தனுவிடம் விஷயத்தைச் சொன்னதும் நான்தான். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மூக்கால மெதுவா மூச்சு வுடு தனு" என்று சொல்லிவிட்டு, அம்மா இனி வரமாட்டாள் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. என் வாழ்க்கையில் அதைப்போல எதுவும் எனக்கு வலித்ததில்லை அக்கா.

மாமா எப்படி அழுதார் என்று கேட்கிறாயா? மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பிச்சா பார்க்கிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அந்தச் சத்தத்தில் உன் புருஷன் அழுவது கீழே கேட்காது. தொட்டி வழிந்து வழிந்து பக்கத்து வீட்டுச் சுவர் ஊறிப்போய் அவர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு முன்னால் ஒருதடவை ரயிலில் வலிப்பு வந்தது. செக்கப்புக்காக சென்ட்ரலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அண்ணனூர் தாண்டியதும் அவள் கை இழுக்க ஆரம்பித்தது. ஒருத்தர் சாவிக்கொத்தை அவள் கையில் திணிக்க வந்தார், ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டார். "சாவிய உள்ள வைங்கண்ணா! வாயில தண்ணி ஊத்தாதீங்கம்மா! எல்லாரும் தள்ளுங்க, காத்து வரட்டும்!" என்று கத்தினேன். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் என் துப்பட்டாவை வைத்து, அது நிற்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். பல்லியைப் பார்த்தாலே ஓடுகிற உன் தங்கச்சிதான் இதையெல்லாம் செய்தாள், நம்பு.

மறுபக்க ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. போன மாதம் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார். "ரெண்டு பக்கமும் புதுக்குழாய் நல்லா வந்திருக்கு. மாத்திரை தொடரணும், தண்ணி நிறைய குடிக்கணும், செக்கப்பை விடக் கூடாது. ஆனா இனிமே அழுதா தடுக்காதீங்க. மத்த பிள்ளைங்க மாதிரி இருக்கட்டும்."

"எவ்ளோ அழலாம் டாக்டர்?" என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் அளவு கிடையாதும்மா" என்றார்.

டாக்டர் விட்டுவிட்டார், வீடு விடவில்லை. ஃபேன் முன்னால் தட்டைப் பிடிப்பதும் நிற்கவில்லை, மோட்டாரும் நிற்கவில்லை. படையல் அன்றைக்குத் தனுவை நூம்பலில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் மாமா. "நாலு பேரு வந்து அழுவாங்கம்மா. நமக்கு எதுக்கு வம்பு?"

"அவ அம்மாவுக்குப் படையல், அவ இல்லாமயா? அவ இங்கதான் இருப்பா மாமா" என்றேன். என் குரல் எனக்கே உன் குரல்போலக் கேட்டது.

படையல் முடிந்து எல்லாரும் இலையில் உட்கார்ந்தோம். சட்டியிலிருந்து எடுத்த வடை நேராகத் தனுவின் இலைக்கு வந்தது. அவள் அதை எடுத்து, ஃபூ என்று ஊதினாள். அத்தனை பேர் கையும் இலையில் அப்படியே நின்றுவிட்டது. மாமா ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தனு எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "அம்மா இருந்தா ஊதாதடின்னு கத்தியிருப்பாங்கல்ல?" என்றாள். அவள் உதடு கோணியது.

"மூக்கால மெதுவா" என்பது என் வாய்வரை வந்துவிட்டது அக்கா. முழுங்கிவிட்டேன். நான் மீறியது இவ்வளவுதான்.

மாமா மோட்டார் சுவிட்சுக்குப் போனார். "மாமா, உக்காருங்க. இங்கயே அழுங்க" என்றேன்.

தனு ஒரு வருஷத்து அழுகையை அழுதாள். என் மடியில் கிடந்து, மூக்கு ஒழுக, அம்மா அம்மா என்று வீடே அதிர அழுதாள். எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அது துவளவில்லை. என் விரலை நசுக்குகிற மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தது.

அழுது முடித்துவிட்டு என் துப்பட்டாவில் மூக்கைத் துடைத்தாள். "அப்பா மோட்டார் போட்டா அழத்தான் போறாருன்னு எனக்குத் தெரியும் சித்தி. நான் அழுதா நீங்கல்லாம் பயந்துடுவீங்கன்னுதான் நான் அழல" என்றாள்.

நாம் அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், பார்த்தாயா?

திட்டுவதென்றால் திட்டிக்கொள். பழைய வாக்குக்குப் பதில் புது வாக்கு தருகிறேன். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறாது. அம்பத்தூர் கம்பெனியில் எவன் லீவு தராவிட்டாலும் ஸ்கேனுக்குக் கூட்டிப்போவேன். வலிப்பு திரும்பி வந்தாலும் அவளைவிட்டு நகரமாட்டேன். வருகிற பிறந்தநாளுக்கு மெழுகுவத்தியை அவளே ஊதுவாள். உன்னை நினைத்து அவளுக்கு எப்போது அழுகை வந்தாலும், அழ விடுவேன் அக்கா. மோட்டாரைப் போடாமல், பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுவேன்.

உன் சொல் கேட்காத தங்கச்சி,
தனுவின் சித்தி,
வனி