யோசிக்கிறார் என்று காத்திருந்தார்கள்

முசஃபா, அபுதாபி
ஞாயிறு, அஸருக்குப் பின்

என் கண்ணான மகள் ஆமிராவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன் மனதுக்கு அமைதியைத் தரட்டும்.

நான் இங்கே சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. எழுதினால் நீ நம்பமாட்டாய். சாப்பிடுகிறேன், தொழுகிறேன், பகலில் கொஞ்சம் கண் அசருகிறேன். பக்கத்து ஃபிளாட் ஸஹ்ரா தினமும் எதையாவது சமைத்து எடுத்து வந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்து போவதில்லை. நீ சாப்பிடுகிறாயா? ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லியே பட்டினி கிடக்கிறவள் நீ.

ஃபோன் செய்தால் எடுக்கிறாய். ஆனால் "ம்", "சரி", "கிளாஸ் இருக்கு உம்மா" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. நான் இத்தாவில் இருக்கிறேன், நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. இல்லாவிட்டால் எப்போதோ சென்னைக்கு வந்து உன் ஹாஸ்டல் வாசலில் நின்றிருப்பேன். மூசா மாமா லீவில் ஊருக்குப் போகிறார். போகிற வழியில் உன்னைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஃபோனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ வைத்துவிடுவாய்.

இங்கிருந்து கிளம்பும்போது பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமே உம்மா. வாப்பாவா இருந்தா, ஆடிட்டு வான்னுதான் சொல்லியிருப்பாங்க." வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். கீழே மாமாவின் கார் காத்திருந்தது, நீ போய்விட்டாய்.

இப்போது பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ வந்தபோது யாரும் உனக்குக் கோர்வையாகச் சொல்லவில்லை. எனக்கே போன வாரம் கார்மேகம் வந்து சொன்ன பிறகுதான் முழுவதும் தெரிந்தது.

கார்மேகத்தை உனக்கு நினைவிருக்கும். கமுதிப் பக்கத்துக்காரர், இங்கே வெல்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் வாப்பா தொழிலாளர் கேம்ப்புக்குப் போய் செஸ் ஆடுவார்களே, அங்கே முதன்முதலில் கற்றுக்கொண்டவர் அவர்தான். நீ சின்னவளாக இருந்தபோது உன்னையும் ஒருமுறை அழைத்துப்போனார்கள். அங்கே மெஸ் மேசைகளில் வரிசையாகப் பலகை போட்டிருப்பார்கள். எல்லாரையும் எதிர்த்து வாப்பா ஒருவரே நின்றபடி ஆடுவார்கள். ஒரு பலகையில் காயை நகர்த்திவிட்டு அடுத்த பலகைக்குப் போவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாரமெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிற அலுப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேம்ப்பில்தான் தீரும் என்பார்கள்.

அன்று காலையில் கஞ்சி போதும் என்றார்கள். சட்டையை அவர்களே இஸ்திரி போட்டுக்கொண்டார்கள். "ஆமிராவுக்கு இன்னைக்குக் கறுப்புக் காய். கொஞ்சம் கஷ்டம்தான், ஆனா தாங்கிடுவா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்கள்.

கார்மேகம் கதவுக்கு வெளியே நின்றபடி சொன்னார். ஸஹ்ரா பக்கத்தில் இருக்க, நான் உள்ளே நின்று கேட்டேன். "ரெண்டு சுத்து நல்லா சிரிச்சிக்கிட்டே ஆடினாரு அக்கா. மூணாவது சுத்துல எங்கிட்ட வந்தாரு. நான் குதிரையை வச்சிருந்தேன். பார்த்தாரு. மேசையில ஒரு கையை ஊன்றிக்கிட்டாரு. அப்புறம் அங்கேயே பெஞ்சில உக்காந்தாரு. உக்காந்து ஆடுற வழக்கமே அவருக்கு இல்ல. தலையைக் குனிஞ்சிக்கிட்டு பலகையையே பார்த்துக்கிட்டிருந்தாரு. யோசிக்கிறாருன்னுதான் நெனச்சோம். பேசின பயலுகளையும் நான்தான் அதட்டி உக்கார வச்சேன். எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னோம்."

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. டீ கொண்டுவந்த ஒருவர் தோளைத் தொட்டபோதுதான் வாப்பா அப்படியே சாய்ந்தார்களாம். தூக்குகிற அவசரத்தில் காயெல்லாம் தரையில் சிதறிவிட்டது.

கார்மேகத்துக்கு ஒன்றுதான் தாங்கவில்லை. "நல்ல இடத்துல குதிரையை வச்சிட்டேன், சாரையே உக்கார வச்சிட்டேன்னு நான் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன் அக்கா" என்று சொல்லி அழுதார். அவ்வளவு பெரிய ஆள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். "நீங்க நல்ல இடத்துலதான் வச்சிருப்பீங்க தம்பி, இல்லாட்டி அவங்க அவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டாங்க" என்றேன். எனக்குக் குதிரை எப்படிப் போகும் என்றுகூடச் சரியாகத் தெரியாது. வேறு என்ன சொல்வது?

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேரும்போது மவ்த்தாகிவிட்டிருந்தார்கள். மூசா மாமா வராந்தாவில் நின்றிருந்தார். வாப்பாவின் வாட்ச், பர்ஸ், ஃபோன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். உன் கோச் விஜயபாஸ்கருக்கு மாமா ஏற்கெனவே தகவல் சொல்லியிருந்தார். புவனேஸ்வர் போட்டியில் நீ முதல் இடத்தில் இருக்கிறாய், அன்றைய ஆட்டம் போக இன்னும் இரண்டே ஆட்டம், தயவுசெய்து அவளிடம் இப்போது சொல்லவேண்டாம் என்று அந்தத் தம்பி கெஞ்சினாராம். மாமாவும் அதையேதான் சொன்னார். "தங்கச்சி, இங்கே பேப்பர் வேலைக்கே நேரம் எடுக்கும். புள்ளை ஆடி முடிக்கட்டும். நாம மய்யித்தை வச்சிருப்போம். வந்து முகம் பார்க்கட்டும், பட்டத்தோட வந்து பார்க்கட்டும்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் சரி என்றுதான் தலையாட்டினேன், மகளே. அதை நீ தெரிந்துகொள். முதலில் நான் சரி என்றுதான் சொன்னேன்.

பொழுது சாய்ந்து மஃரிபு நேரம் பைக்குள் வாப்பாவின் ஃபோன் அடித்தது. தினமும் ஆட்டம் முடிந்ததும் நீ கூப்பிடுகிற நேரம். "எடுக்காதே தங்கச்சி, தூங்குறாங்கன்னு பிறகு மெசேஜ் போட்டுக்கலாம்" என்றார் மாமா. அது அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. நான் எடுத்துவிட்டேன். வாய் திறப்பதற்குள், "வாப்பா, ஜெயிச்சிட்டேன்!" என்றாய்.

எதற்காக எடுத்தேன், எதற்காக அப்போதே சொன்னேன் என்று சொல்கிறேன்.

உன் ஹாஸ்டல் அறைச் சுவரில் வாப்பாவின் படம் மாட்டியிருக்கிறாயே, கையில் தேசிய சாம்பியன் கோப்பையோடு சிரித்துக்கொண்டு நிற்பார்களே, அந்தப் பத்திரிகைப் படத்தைக் கல்யாணமான புதிதில் நான்தான் ஃபிரேம் போட்டு ஊர் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். இந்தியாவுக்கே சாம்பியனாக இருந்தவர் என் மாப்பிள்ளை என்று எனக்கு அவ்வளவு பெருமை. மறுநாள் பார்த்தால் சுவரில் இல்லை. அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தார்கள். நான் கோபித்துக்கொண்டு இரண்டு வேளை பேசவில்லை. அப்போதுதான் சொன்னார்கள்.

போபாலில் ஆடிக்கொண்டிருக்கும்போது, கடைசிக்கு மூன்று ஆட்டம் இருக்கையில் அவர்களுடைய உம்மா மவ்த்தானார்கள். ஊரிலிருந்து டிரங்க் கால் போயிருக்கிறது. கூடப்போன மேனேஜர் அதை வாங்கிக்கொண்டு, பையன் ஆட்டம் கெட்டுப்போகும் என்று மறைத்துவிட்டார். ஊருக்கும் சொல்லிவிட்டார், நீங்கள் அடக்கிவிடுங்கள் என்று. வாப்பா மூன்று ஆட்டமும் ஜெயித்தார்கள், கோப்பை வாங்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஓரமாக அழைத்துப்போய் "நல்லதுக்குத்தான் சொல்லலை" என்று சொன்னார்களாம்.

"நான் எப்படிச் சிரிச்சுக்கிட்டு இருக்கேன் பாரு, நஜீஹா" என்றார்கள். "உம்மா கபருக்குள்ளே இருக்காங்க. ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அந்த ஹால்ல பாதிப் பேருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாம பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன்."

அடுத்த வருஷம் பட்டத்தைக் காக்க அவர்கள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் என்னென்னமோ எழுதினார்கள். பிறகு ரியாத்தில் பத்தா கடைத்தெருவில் மூசா மாமாவோடு ஃபோன் கடையில் நின்றார்கள். பல வருஷம் பலகையைத் தொடவில்லை. அபுதாபிக்கு வந்து பள்ளிக்கூடத்து வேலை கிடைத்த பிறகுதான் திரும்ப ஆரம்பித்தார்கள். நீ பன்னிரண்டு வயதில் அலமாரியைக் குடைந்து அந்தப் படத்தைக் கண்டுபிடித்து, "வாப்பா, இது எனக்கு" என்று எடுத்துக்கொண்டபோது, உன் முகத்தைப் பார்த்து அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. உன்னிடம் இதைச் சொல்லவேண்டாம் என்றும் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். இப்போது சொல்லிவிட்டேன். அல்லாஹ் பொறுத்துக்கொள்ளட்டும். படத்தைக் கழற்றிவிடாதே, அது உன்னுடையது.

"ஜெயிச்சிட்டேன்" என்று நீ சொன்ன அந்தக் குரலில் அதே சிரிப்பு இருந்தது, ஆமிரா. இன்னும் இரண்டு நாள் அந்தச் சிரிப்பை நான் கேட்டுக்கொண்டே, வாப்பா தூங்குறாங்க, வாப்பா குளிக்கிறாங்க என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அதனால்தான் அப்போதே உன்னிடம் சொல்லிவிட்டேன்.

வாப்பா ஆடிட்டு வா என்று சொல்லியிருப்பார்களா? சொல்லியிருக்கலாம். தன் உம்மாவின் மவ்த்தை மறைத்ததைப் பொறுக்காதவர்கள், தன் மவ்த்தை உன்னிடம் மறைத்துவிடு என்று என்னிடம் சொல்லக்கூடியவர்கள்தான். பெற்ற மனசு அப்படித்தான் போகும். கேட்பதற்கு அவர்கள் இல்லை. நான் ஒருத்திதான் இருந்தேன். நான் செய்தது சரிதான் என்று உன்னிடம் வாதாட வரவில்லை. அந்தப் பட்டத்துக்காக நீ எத்தனை வருஷம் பெருநாளைக்கும் வீட்டுக்கு வராமல் கிடந்தாய் என்று எனக்குத் தெரியும். கடைசி இரண்டு ஆட்டமும் நீ ஆடாமலே போய், வேறொரு பெண் கோப்பை வாங்கியதை நானும் ஃபோனில் பார்த்தேன்.

நீ வந்து சேர்ந்த அன்று, கஃபன் துணியை விலக்கி முகத்தைக் காட்டியபோது, நீ அழவில்லை. குனிந்து அவர்கள் காதில் ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அடக்கத்துக்குப் பனியாஸ் கபரஸ்தானுக்குக் கேம்ப்பிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்ததாக மாமா சொன்னார். பாதிப் பேருக்கு நம் தொழுகை தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் ஓரமாக நின்றார்களாம்.

விஜயபாஸ்கர் நேற்றுப் பேசினார். அடுத்த மாதப் போட்டியிலிருந்து நீ பேரை எடுத்துவிட்டாயாம். ஜெயித்த அந்தப் பெண் உனக்கு இரண்டு தடவை மெசேஜ் அனுப்பியும் நீ பதில் போடவில்லையாம். அவளுக்கு மட்டும் ஒரு வார்த்தை எழுதிவிடு. அவள் எதையும் உன்னிடமிருந்து பிடுங்கவில்லை. மற்றபடி நீ ஆடு என்றும் சொல்லமாட்டேன், ஆடாதே என்றும் சொல்லமாட்டேன். எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்.

வீட்டைக் காலி செய்யவேண்டும். எனக்கு இங்கே இனி என்ன இருக்கிறது? இத்தா முடிந்ததும் ஊருக்கே வந்துவிடுகிறேன். அவர்களைத் தனியாக இந்த மண்ணில் விட்டுவிட்டு வருகிறோமே என்பதுதான் என் கவலை. வெள்ளிக்கிழமை தோறும் கபருக்குப் போய் ஸியாரத் செய்கிறேன் என்று மாமா வாக்குக் கொடுத்திருக்கிறார். கார்மேகமும் போவாராம்.

சென்னையில் இறங்கும்போது என் கையில் பெட்டிகள் நிறைய இருக்கும், மகளே. எனக்கு அந்த ஏர்போர்ட்டில் வழி தெரியாது, எப்போதும் வாப்பாவின் பின்னாலேயே நடந்து பழகிவிட்டேன். நீ வந்து வாசலில் நில். கோபம் தீராவிட்டால் கோபத்தோடேயே வா. பேசவேண்டாம், பெட்டியைப் பிடித்தால் போதும்.

உன் ஈரல் குளிர அல்லாஹ் அருள் செய்யட்டும். உன் தூக்கத்தைத் திருப்பித் தரட்டும்.

துஆவோடு,
உம்மா
நஜீஹா அப்துல் ஹாதி